அண்ணா நகரா, மாம்பலமா, கே.கே. நகரா, வேளச்சேரியா: ஃபிளாட் வாங்கும் முன் பகுதியைப் படிப்பது எப்படி

சென்னையில் ஃபிளாட் தேடுபவர்கள் எடுத்தவுடன் கேட்பது சதுர அடி என்ன விலை என்று. அதைக் கடைசியில் கேட்டால் போதும். டைல்ஸை மாற்றலாம், சமையலறையை இடித்துக் கட்டலாம், பின்னால் லிஃப்ட்கூடப் போட்டுவிடலாம். தெருவின் அகலத்தையும், தெரு இருக்கும் மட்டத்தையும், மனையில் உங்கள் பங்கையும் பிறகு மாற்ற வழியே கிடையாது. இந்த மூன்றும் அந்தப் பகுதியை யார், எப்போது, எந்த நிலத்தின்மேல் அமைத்தார்கள் என்பதிலேயே முடிவாகிவிட்டவை.

அப்படிப் பார்த்தால் அண்ணா நகர், மேற்கு மாம்பலம், கே.கே. நகர் – அசோக் நகர், வேளச்சேரி ஆகிய நான்கும் நான்கு வேறு பிறப்பு கொண்டவை. இரண்டு அல்லது மூன்று படுக்கையறை வீடு வாங்கி, பதினைந்து இருபது ஆண்டுகள் அதிலேயே குடியிருக்க நினைக்கும் குடும்பத்துக்கு இந்த நான்கில் எது பொருந்தும் என்பதுதான் இங்கே பேச்சு. வாடகைக்கு விடவோ, இரண்டு ஆண்டில் கைமாற்றவோ வாங்குபவர்களின் கணக்கு வேறு.

நிலம் முன்பு என்னவாக இருந்தது

தியாகராய நகர் ஒரு ஏரியின் மேல் இருக்கிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டித்தான் மவுண்ட் ரோடு போனது. 1923-இல் மாம்பலம் குடியிருப்புத் திட்டம் தொடங்கி, ஏரி வடிக்கப்பட்டு மனைகளானது. 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் இருப்புப்பாதையின் இரு புறமும் வேகமாக நிரம்பின. கிழக்கே திட்டமிட்ட தி. நகர். மேற்கே பழைய மாம்பலம் கிராமத்தின் சந்துகளும் தோப்புகளும் அப்படியே தெருக்களாகி, மேற்கு மாம்பலம் ஆயின. அங்கே இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரிதான் இல்லை.

அண்ணா நகர் வீட்டு வசதி வாரியத்தின் பெரும் முயற்சி. 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடம் இது. அதன் நினைவாக நிற்கும் 135 அடி உயர டவர்தான் இன்றும் அந்தப் பகுதியின் அடையாளம். எண் போட்ட அவென்யூக்கள், எழுத்துப் பெயர் கொண்ட மெயின் ரோடுகள், பிளாக்குக்குப் பிளாக் பூங்கா, ரவுண்டானா எல்லாம் முதலில் காகிதத்தில் வரைந்து, பிறகு தரையில் போட்டவை. அசோக் நகரும் கே.கே. நகரும் இதே வாரியத்தின் கைவேலைகள். அளவில் சிறியவை, சாமானியக் குடும்பங்களை மனதில் வைத்துப் போட்டவை. அதனால் அங்கே சிறு மனைகளும் வாரியத்தின் அடுக்குமாடிகளும் அதிகம்.

வேளச்சேரி இந்த மூன்றிலும் சேராது. தண்டீஸ்வரர் கோயிலைச் சுற்றிய பழைய ஊர் மேட்டில் இருந்தது. ஏரியும் வயலும் பள்ளத்தில் இருந்தன. 1990களுக்குப் பிறகு தனியார் மனைப்பிரிவுகள் துண்டு துண்டாக வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பின. ஒரு லே-அவுட்டின் தெரு அடுத்த லே-அவுட்டின் சுவரில் போய் முட்டும். சுமார் 265 ஏக்கர் இருந்த ஏரி ஏறத்தாழ 55 ஏக்கராகச் சுருங்கியது. ஏரி நிரம்பினால் வழியும் நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போயாக வேண்டும். போகும் வழியெல்லாம் இப்போது வீடுகள்.

ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் நல்ல சாட்சிகள். ‘தாங்கல்’ என்றால் சிறு ஏரி. ‘மேடு’, ‘பள்ளம்’, ‘ஏரிக்கரை’, ‘மதகு’ என்று வந்தால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். வருவாய்த் துறையின் பழைய ஆவணத்தில் சர்வே எண்ணுக்கு எதிரே ‘ஏரி உள்வாய்’ (ஏரியின் நீர் நிற்கும் உட்பகுதி) என்றோ ‘நீர்நிலைப் புறம்போக்கு’ என்றோ இருந்தால் அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை, அடுத்த வீட்டைப் பாருங்கள்.

தெருவின் அகலம் ஏன் பணமாகிறது

2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரண அடுக்குமாடிக்கான எஃப்எஸ்ஐயை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டலாம் என்று பொருள். இதற்குமேலும் கட்டணம் செலுத்தி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம். ஆனால் அது தெருவின் அகலத்தைப் பொறுத்தது: 9 மீட்டருக்குக் குறைந்த தெருவில் கிடையாது, 9 முதல் 12 மீட்டர் வரை 30 சதவீதம், 12 முதல் 18 வரை 40, 18-க்கு மேல் 50.

இதை ஒரு பழைய கட்டடத்தில் போட்டுப் பார்ப்போம். இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. அதில் 900 சதுர அடியில் ஆறு வீடுகள், மொத்தம் 5,400. கட்டடத்துக்கு நாற்பது வயது. இடித்துக் கட்டித்தர ஒரு பில்டர் வருகிறார். 9 மீட்டருக்குக் குறைந்த தெருவானால் கட்டக்கூடியது 9,600 சதுர அடி. உரிமையாளர்களுக்குப் பாதி என்று வைத்தால் 4,800, ஆளுக்கு 800. இருந்த வீட்டைவிடச் சிறியது கிடைக்கும், அல்லது கையிலிருந்து பணம் போட வேண்டும். பில்டருக்கும் மிஞ்சாது, எனவே வரவே மாட்டார். அதே மனை 40 அடித் தெருவில் இருந்தால் 40 சதவீதம் கூடி 13,440 ஆகும். பாதி 6,720, ஆளுக்கு 1,120 சதுர அடி. உயரம், பக்கவாட்டு இடைவெளி, பார்க்கிங் விதிகளால் இந்த எண்கள் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒரே பரப்பு மனை ஒரு தெருவில் சுமையாகவும் இன்னொரு தெருவில் சொத்தாகவும் ஆவதற்குக் காரணம் இதுதான்.

9 மீட்டர் என்பது முப்பது அடிக்கு அரை அடி குறைவு. அண்ணா நகரில் பெரும்பாலான தெருக்கள் இதைத் தாண்டும். கே.கே. நகரில் பாதிக்குப் பாதி. செக்டார்களின் உள் தெருக்களில் டேப் வைத்து அளந்தே ஆக வேண்டும். மேற்கு மாம்பலத்தில் இருபது, இருபத்தைந்து அடித் தெருக்களே அதிகம். ஆரிய கவுடா சாலை போன்ற சில சாலைகள்தான் விதிவிலக்கு. வேளச்சேரியின் லே-அவுட் தெருக்களில் ஒரு முனை 30 அடியும் மறு முனை 20 அடியுமாக இருப்பது சகஜம். வீட்டு வாசலில் மட்டும் அளந்தால் போதாது. பெரிய சாலை வரை நடந்து, மிகக் குறுகிய இடத்தில் எதிரெதிர் காம்பவுண்டுச் சுவர்களுக்கு இடையே அளக்க வேண்டும்.

இனி மனைப் பங்கு. பத்திரத்தில் ‘பிரிபடாத பங்கு’ என்று இருக்கும் சதுர அடியை வீட்டின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 1.5 எஃப்எஸ்ஐ காலத்துக் கட்டடத்தில் 0.6-க்கு மேல் வரும். இப்போதைய ஐந்து மாடிக் கட்டடத்தில் 0.5 அல்லது அதற்குச் சற்றுக் கீழே. 3.25 எஃப்எஸ்ஐ உள்ள உயரமான அடுக்குமாடியில் 0.3. வாரியத்தின் பழைய குடியிருப்புகளில் காலி இடம் அதிகம் என்பதால் சில இடங்களில் ஒன்றைக்கூடத் தொடும். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பிழக்கும், ஏறுவது மண் மட்டுமே. பளபளப்பான புது வீட்டுக்கும் நாற்பது ஆண்டு வீட்டுக்கும் விலை ஏன் அவ்வளவு தள்ளி இல்லை என்ற கேள்விக்கு இந்த வகுத்தல் பதில் சொல்லிவிடும்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறக்கப்பட்டபோது அடையாற்றை ஒட்டிய ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. அது ஆற்று வெள்ளம். 2021 நவம்பரில் தி. நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் கே.கே. நகரிலும் நின்றது மழைநீர்; மாம்பலம் கால்வாய் கட்டடக் கழிவால் அடைபட்டதும் அதற்கு ஒரு பெரிய காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் நாள்கணக்கில் தண்ணீர் வடியாமல் நின்றதற்குக் காரணம், போய்ச் சேர வேண்டிய சதுப்பு நிலமே நிரம்பி இருந்ததுதான். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடைபட்ட கால்வாயைத் தூர்வாரினால் தெரு பிழைக்கும்; வடிகாலை அகலப்படுத்தினால் பயன் உண்டு. போய்ச் சேரும் இடமே உயர்ந்து நிற்கும்போது எவ்வளவு பெரிய வடிகால் போட்டாலும் நீர் பின்னோக்கித்தான் வரும்.

ஆகவே மழைநீர் விஷயத்தில் நமது வரிசை இது: அண்ணா நகரின் பெரும்பகுதி முதலில். அங்கேயும் ஓட்டேரி நல்லா என்ற கால்வாயை ஒட்டிய தெருக்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம், மற்ற மாதங்களில் கொசு. அடுத்து அசோக் நகரும் கே.கே. நகரின் கிழக்குப் பகுதியும். எம்ஜிஆர் கால்வாயையும் நெசப்பாக்கத்தையும் நெருங்க நெருங்க மதிப்பெண் குறையும்; கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாடையும் காற்றுத் திசையைப் பொறுத்து வரும். மேற்கு மாம்பலத்தைத் தெருத் தெருவாகத்தான் சொல்ல முடியும். துரைசாமி சுரங்கப்பாதை நிரம்பினால் இரண்டு மாம்பலங்களுக்கும் இடையே வண்டி போக்குவரத்து நின்றுவிடும். வேளச்சேரி கடைசி. ஒவ்வொரு ஆண்டும் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கார்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் செய்வது அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே வாங்கப் போகிறவர் அந்தக் காட்சியை மனதில் வைத்தே வீட்டைப் பார்க்க வேண்டும்.

வேளச்சேரி முழுவதும் பள்ளம் என்று ஒதுக்குவதும் தவறு. பழைய ஊர்ப் பகுதியும் கிண்டிக்குப் போகும் சாலையின் சில பக்கங்களும் மேடானவை. ஒரே பெயர் கொண்ட நகரில் முதல் தெருவில் முழங்கால் அளவும் ஐந்தாம் தெருவில் இடுப்பளவும் நிற்கும். மட்டம் பார்க்கக் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் (நீர் நிரப்பிய குழாய்) போதும். தெருமுனையில் ஒரு சுவர், வீட்டு வாசலில் ஒரு சுவர் எனக் குறித்துப் பார்த்தால் வித்தியாசம் அங்குலக் கணக்கில் தெரிந்துவிடும்.

நான்கு பகுதிகளுக்கும் பொதுவான ஒரு கோளாறு சாலை உயர்வு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதால், எண்பதுகளில் கட்டிய வீடுகள் இப்போது தெருவைவிடத் தாழ்வாக நிற்கின்றன. கேட்டைத் திறந்து உள்ளே படி இறங்கினால் அதுதான் அடையாளம். அப்படியான கட்டடத்தில் நான்கு விஷயங்களைக் குனிந்து பாருங்கள். தரைமட்டத் தொட்டியின் வாய் தெருவைவிட ஓரடியாவது உயர்ந்திருக்கிறதா. இல்லையென்றால் வெள்ளத்தோடு சாக்கடையும் குடிநீரில் கலக்கும். மின் மீட்டர் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது. லிஃப்ட் குழியில் ஈரக் கறை உண்டா. கழிவுநீர் இணைப்பில் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு பொருத்தியிருக்கிறார்களா. காம்பவுண்டுச் சுவரின் வெளிப்புறத்தில் இரண்டடி உயரத்தில் பெயின்ட் நிறம் மாறிக் கோடு ஓடினால் எவரிடமும் கேட்க வேண்டாம். கேட்பதானால் தரகரை விட்டுவிட்டு, தெருமுனையில் இஸ்திரி போடுபவரையும் பூக்காரம்மாவையும் கேளுங்கள். எந்த ஆண்டு எதுவரை வந்தது என்பதை அவர்கள் கையைக் காட்டிச் சொல்வார்கள்.

குடிநீரும் நிலத்தடி நீரும்

வெள்ளம் வந்த ஊரில்தான் 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், பத்து வீடு, வீட்டுக்கு நான்கு பேர் உள்ள கட்டடத்துக்கு 5,400 லிட்டர் வேண்டும். குழாயில் பாதி வந்து, போர்வெல் வற்றிப்போனால் இரண்டு நாளைக்கு ஒரு 6,000 லிட்டர் லாரி. அந்த லாரி தெருவுக்குள் திரும்புமா என்பதையும் பாருங்கள். மேற்கு மாம்பலத்தின் சில சந்துகளில் திரும்பாது, தெருமுனையில் நிறுத்திக் குழாய் போட்டு இறக்க வேண்டும்.

கடற்கரையை விட்டு மேற்கே போகப் போகக் களிமண் கூடும்; அண்ணா நகரும் கே.கே. நகரும் அந்த வகை. கிண்டி – வேளச்சேரிப் பக்கம் ஆழம் குறைவிலேயே பாறை தட்டும். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், களிமண்ணில் இரண்டடிக் குழி தோண்டி ஜல்லி நிரப்பினால் நீர் இறங்காது. மூன்றடி விட்டமும் பதினைந்தடி ஆழமும் கொண்ட உறைகிணறுதான் வேலை செய்யும். அப்படி ஒன்று இருக்கிறதா, மொட்டை மாடிக் குழாய் அதில் போய்ச் சேருகிறதா, கடைசியாக எப்போது சேறு எடுத்தார்கள் என்று அசோசியேஷன் செயலாளரைக் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே கட்டடத்தை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதும் தெரியும். தென் சென்னைக்கு நெம்மேலியிலிருந்து கடல்நீரைக் குடிநீராக்கி வரும் விநியோகம் வேளச்சேரிக்கு ஒரு பலம்.

குணம், அதாவது அன்றாடம்

மேற்கு மாம்பலத்தின் பலம் கால்நடையில் இருக்கிறது. காய்கறி, பால், மருந்துக் கடை, மெஸ், கோயில், கச்சேரி, உபன்யாசம், ரயில் நிலையம் எல்லாம் பத்து நிமிட நடைக்குள். எழுபது வயதில் கார் ஓட்டாமல், யாரையும் எதிர்பார்க்காமல் ஒருவர் வாழ முடிகிற பகுதி சென்னையில் மிகக் குறைவு. இது அவற்றில் முதலிடத்தில் இருக்கிறது. 2023-இல் மாம்பலம் நிலையத்திலிருந்து தி. நகர் பேருந்து நிலையம் வரை திறந்த 570 மீட்டர் ஆகாய நடைமேடை அந்த நடையை இன்னும் எளிதாக்கியது. மறுபக்கம்: கார் நிறுத்த இடம் இருக்காது, தீயணைப்பு வண்டி நுழையாத சந்துகள் உண்டு, பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் தி. நகர்க் கூட்டம் பாதையைத் தாண்டி இந்தப் பக்கமும் வழியும்.

அண்ணா நகரில் மரமும் பூங்காவும் நடைபாதையும் உண்டு; 2017 மே மாதத்திலிருந்து திருமங்கலம், அண்ணா நகர் டவர், அண்ணா நகர் கிழக்கு, ஷெனாய் நகர் என்று வரிசையாகச் சுரங்க மெட்ரோ நிலையங்களும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி இந்த நான்கில் இல்லை. ஆனால் அதன் குணம் மாறிக்கொண்டிருக்கிறது. ஆட்சிப் பணித் தேர்வுக்கான பயிற்சி மையங்கள் வந்தன; அவற்றோடு விடுதிகள், டீக்கடைகள், இரவு முழுவதும் இருசக்கர வண்டிகள். இரண்டாவது அவென்யூ ஏறத்தாழ முழுக்கக் கடைத்தெரு ஆகிவிட்டது. தி. நகர் இதே பாதையில்தான் போனது: முதலில் முன்னறையில் ஒரு டாக்டர், பிறகு டியூஷன், பிறகு துணிக்கடை, கடைசியில் ஜெனரேட்டரும் புகைபோக்கியும் உள்ள உணவகம். உங்கள் தெரு அந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இரண்டாம் முழுமைத் திட்டத்தில் உங்கள் சர்வே எண் ‘முதன்மைக் குடியிருப்பு’ மண்டலத்தில் வருகிறதா, ‘கலப்புக் குடியிருப்பு’ மண்டலத்தில் வருகிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். கலப்பு மண்டலமானால் அடுத்த மனையில் கடை வருவதைத் தடுக்க உங்களுக்கு வழி இருக்காது. மெட்ரோவிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, அவென்யூவிலிருந்து இரண்டு தெரு உள்ளே போய் வாங்குவது நல்லது.

கே.கே. நகரும் அசோக் நகரும் ஆரவாரமில்லாதவை, நமது பார்வையில் குறைவாக மதிக்கப்படுபவை. தெருக்கள் ஓரளவு அகலம், சிவன் பூங்கா, எம்ஜிஆர் நகர் மார்க்கெட், இஎஸ்ஐ மருத்துவமனை, 2015 முதல் அசோக் நகர், வடபழனி மெட்ரோ நிலையங்கள். அண்ணா நகர் தரும் வசதிகளில் பெரும்பகுதியை அதைவிடக் குறைந்த விலையில் தருகிற இடம் இது.

வேளச்சேரி வேலைக்குப் பக்கம் என்பதால் வளர்ந்தது. பழைய மகாபலிபுரம் சாலை, கிண்டி, விமான நிலையம் மூன்றும் அருகில். 2007-இல் பறக்கும் ரயில் வந்தது. ஆனால் வேளச்சேரியைப் பரங்கிமலையோடு இணைக்கும் சுமார் 5 கிலோமீட்டர்ப் பாதை 2008-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்ததை நினைவில் வையுங்கள்; ‘வரப்போகிற’ ரயிலுக்காக இன்று விலை கொடுக்காதீர்கள். தெற்கு மாவட்டங்களுக்கு அடிக்கடி போகும் குடும்பத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு: 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, கோயம்பேடு பக்கத்தில் இருக்கிறது என்ற அண்ணா நகரின் சாதகம் பாதியாகிவிட்டது, வேளச்சேரிக்கு அது கூடியது. மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் போய்விடலாம்.

பத்திரமும் பணமும்

மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 90 லட்சத்துக்கு 8 லட்சத்து 10 ஆயிரம். பில்டரிடமிருந்து முதல் முறை வாங்கும் ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்குமேல் 9. அதே 90 லட்சத்துக்கு 6 லட்சத்து 30 ஆயிரம். ஆனால் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 4 லட்சத்து 50 ஆயிரம் சேரும். நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அவசரமில்லாதவர்கள் கட்டி முடித்த கட்டடத்தில் மிஞ்சிய வீட்டைப் பேரம் பேசி வாங்குவது இதனால் லாபம்.

வாரியக் குடியிருப்புகளில் சிக்கல் வேறு. ஒதுக்கீட்டு ஆணை கையில் இருக்கும், விற்பனைப் பத்திரம் வாரியத்திடமிருந்து இன்னும் வாங்கியிருக்க மாட்டார்கள். முதல் ஒதுக்கீட்டாளர் இறந்து, வாரிசுகள் பொது அதிகாரப் பத்திரத்தில் கைமாற்றி, மூன்றாவது ஆள் உங்களிடம் விற்க வருவார். ஒதுக்கீட்டாளர் பெயரில் வாரியம் எழுதிக்கொடுத்த பத்திரம், நிலுவையில்லாச் சான்று, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று மூன்றும் இல்லாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கே.கே. நகரிலும் அண்ணா நகர் மேற்கிலும் இந்தச் சரிபார்ப்புக்கே ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

பழைய கட்டடமானால் குளியலறைக்குக் கீழே உள்ள தளத்தின் கூரை, சன்ஷேடு, ஸ்டில்ட் (தரைத்தளக் கார் நிறுத்துமிட) தூண்கள் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சு விலகியிருக்கிறது. வங்கியும் கட்டடத்தின் மிச்ச ஆயுள் கடன் காலத்தைவிட நீளமா என்று பார்த்துத்தான் கடன் தரும். நாற்பது ஆண்டுக் கட்டடத்துக்கு இருபது ஆண்டுக் கடன் கிடைப்பது கடினம். ஒரு ஆறுதல்: 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். ஒரே ஒருவர் மறுத்ததால் ஆண்டுகள் கடந்த கட்டடங்களுக்கு இது வழி திறந்தது. ஆறு வீட்டில் நான்கு பேர் என்றால் அந்த நான்கு பேர் யார், அவர்கள் குடியிருக்கிறார்களா, வெளிநாட்டில் இருக்கிறார்களா என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வேளச்சேரியின் தெற்கிலும் கிழக்கிலும் வாங்குபவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை. பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டடங்களுக்கு அனுமதி தருவதை 2025-இல் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. கட்டி முடிக்காத திட்டமானால் திட்ட அனுமதியின் தேதி, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, சதுப்பு நிலத்திலிருந்து தூரம் மூன்றையும் எழுத்தில் வாங்கி, இன்றைய உத்தரவு என்ன என்று வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

எங்கள் தேர்வு

பெற்றோர் உடன் இருக்கிறார்கள், கார் தேவையில்லை என்றால் மேற்கு மாம்பலம். முதல் மாடி அல்லது அதற்குமேல், லிஃப்ட் உள்ள, பதினைந்து வயதுக்கு உட்பட்ட கட்டடம். அங்கே மறுகட்டுமானத்தை நம்பிப் பழைய வீடு வாங்க வேண்டாம். மேலே போட்ட கணக்கு உங்களுக்கு எதிராகவே நிற்கும். பள்ளிப் பிள்ளைகளும் போதிய பணமும் இருந்தால் அண்ணா நகர். புது வீட்டைவிட, நாற்பது அடித் தெருவில் மனைப் பங்கு அதிகமுள்ள பழைய வீடு. கையில் கொஞ்சம் குறைவாக இருந்தால் அதே கணக்கில் அசோக் நகர் அல்லது கே.கே. நகரின் கிழக்குப் பகுதி. பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு நாங்கள் கை காட்டுவது இந்த இரண்டைத்தான்.

வேலை பழைய மகாபலிபுரம் சாலையில் என்றால் வேளச்சேரியைத் தவிர்க்கச் சொல்வது நியாயமில்லை. தினமும் இரண்டு மணி நேரம் வாழ்க்கையில் மிச்சமாகிறது. ஆனால் உடனே வாங்காமல், நீங்கள் குறிவைக்கும் தெருவிலேயே செப்டம்பரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடியுங்கள். வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பதினோரு மாத ஒப்பந்தம் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு பெருமழையிலும் வாசலுக்கு வந்து, தெருவில் தண்ணீர் எந்த நேரத்தில் ஏறியது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். மழை நின்ற ஆறு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும் தெரு தாங்கும். மறுநாளும் நின்றால், அதே தெருவில் எவ்வளவு மலிவாக வந்தாலும் பத்திரம் போடாதீர்கள்.